ரெண்டு இடது கை

போன மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஜெயநகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர். கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் முடிந்து, பையனும் பெண்ணும் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவருக்கு அந்த மறதி வியாதின்னு சொன்னாங்க. அது பரம்பரையா வருமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். வீட்டில் பயாலஜி படித்தவள் நான்தான். பி.யு. காலேஜில் 17 வருஷமாக மெண்டலின் பட்டாணிச் செடியை போர்டில் வரைந்துகொண்டிருக்கிறேன். "இல்லைங்க... அதாவது கொஞ்சம்... பயப்படற மாதிரியெல்லாம் இல்ல" என்று உளறினேன். என் மாணவன் யாராவது வைவாவில் இப்படிச் சொல்லியிருந்தால் பத்துக்கு மூன்று போட்டிருப்பேன்.

அப்பா அப்போது உள்ரூமில் இருந்தார். அக்கா காலையிலேயே அவரை உட்காரவைத்து, டிவியைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தியிருந்தாள். அந்தச் சாத்திய கதவு எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் மகளைக் கட்டிக்கொடுக்க நிற்கும் அக்காவிடம் போய் என்ன சொல்வது?

அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பஜ்ஜி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை.

அப்பா கட்டிங் மாஸ்டர். பெங்களூர் அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பத்துக்கு எட்டில் ஒரு கடை, 41 வருஷம். சட்டை, பேண்ட், ஸ்கூல் யூனிஃபார்ம். கன்னடத்தில் அளவு கேட்டு, தமிழில் நோட்டில் எழுதி, உருதுவில் பேரம் பேசுகிற ஆள். வட ஆற்காட்டிலிருந்து 19 வயதில் பெங்களூர் வந்தவர்.

அவருக்கு 73 வயதிருக்கும்போது ஒரு சட்டை வெட்டினார். ஃபுல் ஹேண்ட், வெள்ளைத் துணி. உதவிக்கு இருந்த பையன் தைக்க எடுத்தபோதுதான் பார்த்திருக்கிறான்: ரெண்டும் இடது கை. தையல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சட்டைக் கையின் மேல் வளைவு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக இருக்காது. முன்பக்கம் கொஞ்சம் அதிகம் குடைந்திருக்கும். துணியை மடித்து, நல்ல பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்து வெட்டினால் இடதும் வலதும் ஜோடியாக வந்துவிடும். மடிக்காமல், திருப்பாமல் ஒவ்வொன்றாக வெட்டினால் ரெண்டும் ஒரே பக்கத்துக் கை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எல்லாப் பையன்களும் செய்கிற தப்பு இது. அப்பா அந்தத் துணியைப் பார்த்துவிட்டு, "ஏன்டா இப்படி வெட்டி வச்சிருக்க?" என்று பையனைத் திட்டினார். அவன் ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய் வேறு துணி எடுத்து வந்திருக்கிறான். இது எங்களுக்குத் தெரிந்ததே ஒரு வருஷம் கழித்துத்தான்.

பிறகு அளவு நோட்டில் ஒரே ஆளின் அளவு ஒரே தேதியில் மூன்று தடவை. பிறகு வீட்டுக்கு வரும் வழி. பிறகு டாக்டர், எம்.ஆர்.ஐ. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேலாக என்னிடம் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். ஒரு தடவைகூட அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. புது நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கிறது, அல்சைமர் என்றுதான் நினைக்கிறோம் என்றார். அப்பா அந்த நேரம் முழுக்க டாக்டரின் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "பட்டன் வரிசை கோணலா இருக்கும்மா" என்றார்.

சரி, பரம்பரை.

இந்த ஒரே வார்த்தைக்குள் நாம் இரண்டு விஷயத்தைப் போட்டு அடைக்கிறோம். குழப்பம் அங்கேதான். ஒன்று, ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு பிழை. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, பூவா தலையா மாதிரி. வந்துவிட்டால் நோய் ஏறக்குறைய நிச்சயம், அதுவும் நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ. இன்னொன்று, நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிற, ஆனால் தீர்ப்பு எழுதாத மரபணு வகைகள். முதல் ரகம் மொத்த அல்சைமர் நோயாளிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த ஒரு சதவீதக் குடும்பங்கள் கொடுத்தது.

முதல் நோயாளியிடமே வயசு இடித்தது. 1901இல் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் என்ற டாக்டரிடம் வந்த ஆகுஸ்ட டேட்டருக்கு அப்போது 51தான். கிழவிக்கு வரும் மறதி என்று தள்ளிவிட முடியாத வயசு. பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவார். "நான் என்னைத் தொலைத்துவிட்டேன்" என்பார். 1906இல் அவர் இறந்த பிறகு மூளையை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்த அல்சைமர் இரண்டைக் கண்டார்: செல்களுக்கு வெளியே படிவுகள், செல்களுக்கு உள்ளே முடிச்சு விழுந்த நூல்கள். அந்த ஸ்லைடுகள் தொண்ணூறுகளில் மறுபடி கிடைத்தன. அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து ப்ரெசெனிலின்-1 மரபணுவில் பிழை இருக்கிறது என்று ஒரு குழு 2013இல் எழுதியது. அடுத்து சோதித்த குழுவுக்கு அது கிடைக்கவில்லை. இருந்ததோ இல்லையோ, அந்த ப்ரெசெனிலின்தான் இந்தக் கதையின் கத்தரிக்கோல்.

கத்தரி என்பது உவமைக்காகச் சொல்வதில்லை. அதன் வேலையே வெட்டுவதுதான்.

நரம்பு செல்லின் சவ்வில் ஏ.பி.பி. என்றொரு புரதம் குத்தி நிற்கிறது. தலை வெளியே, வால் உள்ளே, நடுப்பகுதி கொழுப்புச் சவ்வுக்குள். வேலை முடிந்ததும் அதை வெட்டிக் கழிப்பது அன்றாடம் நடப்பது. பெரும்பாலும் ஒரு நல்ல கத்தரி நடுவில் வெட்டிவிடும், பிரச்சினை இல்லை. சில நேரம் பீட்டா செக்ரிடேஸ் என்ற இன்னொரு கத்தரி முந்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி வெட்டும். அப்போது சவ்வில் 99 அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியில் 99 கண்ணி, நீளத்துக்கு ஒரு துண்டு மிஞ்சும். அதை வெட்ட வருவது காமா செக்ரிடேஸ். நான்கு புரதங்கள் சேர்ந்த கத்தரி அது. அதில் பிளேடு ப்ரெசெனிலின். தண்ணீர் நுழையவே தயங்கும் கொழுப்புச் சவ்வுக்கு நடுவில் உட்கார்ந்து வெட்டுகிறது.

ஒரே வெட்டில் முடிப்பதில்லை. முதல் வெட்டு 49ஆவது கண்ணியிலோ 48ஆவதிலோ விழும். அங்கிருந்து துண்டைப் பிடித்துக்கொண்டே மூன்று மூன்றாக நறுக்கிக்கொண்டு வரும்: 49, 46, 43, 40 என்று ஒரு வரிசை, 48, 45, 42 என்று இன்னொன்று, அதிலும் சில நேரம் இன்னும் ஒரு வெட்டு போட்டு 38. ஆரோக்கியமான செல்லில் பெரும்பாலும் 40இல் முடிந்து, துண்டு வெளியே போய்விடும். இந்தத் துண்டுக்குப் பெயர்தான் அமிலாய்டு. 42 கொஞ்சம்தான். 43 அதைவிடக் குறைவு.

அப்பாவின் கத்தரி பத்து அங்குலம், கைப்பிடியில் கறுப்பு பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரியும். ஆணி லூசானால் அது துணியை வெட்டாது, கடிக்கும். துணி பாதியில் நழுவிவிடும். "கத்தரி முதல்ல துணியைப் பிடிக்கணும், அப்புறந்தான் வெட்டணும்" என்று பையன்களிடம் சொல்வார். ப்ரெசெனிலின்-1இல் இதுவரை தெரிந்த பிழைகள் 300க்கு மேல். ஆளுக்கு ஒரு இடத்தில் தப்பு, ஆனால் விளைவு பெரும்பாலும் ஒன்றுதான்: பிடி தளர்கிறது. 40 வரை பிடித்து நறுக்க வேண்டிய துண்டு 42லும் 43லும் நழுவிவிடுகிறது. பல பிழைகளில் மொத்த அமிலாய்டு கூடுவதுகூட இல்லை, குறையவும் செய்யலாம். 40க்கு எத்தனை 42 என்ற விகிதம் மாறுகிறது. என் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ரெண்டே ரெண்டு அமினோ அமிலம் நீளமாக இருந்தால் என்ன மிஸ்?

அந்த ரெண்டும் தண்ணீரைக் கண்டால் ஒதுங்குகிற ஜாதி: ஐசோலூசின், அலனின். செல்லுக்கு வெளியே எங்கும் தண்ணீர். ஒளிய இடம் தேடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு, நான்கு, பத்து என்று சேர்ந்த சின்னக் கொத்துகள், நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளான சினாப்ஸ்களில் போய் உட்கார்ந்து செய்தி போவதைக் கெடுக்கின்றன. பெரிதானவை நாராகி, நார்கள் படிவாகி, துப்புரவு செல்களான மைக்ரோகிளியா சுற்றி வந்து மொய்க்கின்றன. அடுத்து செல்லுக்குள் டாவ் என்ற புரதம் கெடுகிறது. நரம்பு செல்லின் நீண்ட வாலுக்குள் சரக்கு போக நுண்குழாய்த் தண்டவாளம் இருக்கிறது. அதைக் குலையாமல் பிடித்திருப்பது டாவ். அளவுக்கு மீறி பாஸ்பேட் ஏறினால் அது கழன்று, தனக்குள்ளேயே முறுக்கிக்கொள்கிறது. அல்சைமர் பார்த்த முடிச்சு நூல் இதுதான். தண்டவாளம் தளர்ந்தால் சரக்கு நிற்கும், சினாப்ஸ் வாடும், கடைசியில் செல்லே போகும். இதெல்லாம் ஒரு வருஷத்தில் நடப்பதில்லை. பிழை உள்ள குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்ததில், மறதி வெளியே தெரிவதற்கு இருபது வருஷம் முன்பே அமிலாய்டு சேர ஆரம்பித்துவிடுகிறது என்று தெரிந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் என்றால், எனக்கு தாவணி தைத்துக் கொடுத்து முடித்து, என் கல்யாண ஜாக்கெட்டுக்குத் துணி பார்த்த சமயத்திலேயே உள்ளே தொடங்கியிருக்க வேண்டும்.

அமிலாய்டுதான் காரணமா, அது வெறும் சாம்பலா என்று விஞ்ஞானிகள் முப்பது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு கட்சி உண்டு. டாவ் மரபணுவிலேயே பிழை வந்தால் அல்சைமர் வருவதில்லை. மூளையின் முன்பகுதியைத் தாக்குகிற வேறொரு மறதி நோய் வருகிறது, அமிலாய்டு படிவு இல்லாமல். ஏ.பி.பி.யிலோ கத்தரியிலோ பிழை வந்தால் அமிலாய்டு படிவு, டாவ் முடிச்சு இரண்டும் வருகின்றன. தீ எந்தப் பக்கத்திலிருந்து பரவியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. ஏ.பி.பி.யில் பீட்டா கத்தரி வெட்டும் இடத்துக்கு ஒட்டினாற்போல் ஸ்வீடன் குடும்பம் ஒன்றில் இரட்டைப் பிழை, 670, 671ஆம் இடங்களில். கத்தரிக்கு அந்த இடம் இன்னும் வாட்டமாகிவிடுகிறது, அமிலாய்டு பெருகுகிறது. அதே வெட்டுக்கு இந்தப் பக்கம் 673ஆம் இடத்தில் ஐஸ்லாந்துக்காரர்கள் சிலருக்கு ஒரு மாற்றம். 2012இல் வெளியானது. அங்கே கத்தரி சரியாக வெட்ட முடிவதில்லை, அமிலாய்டு சுமார் 40 சதவீதம் குறைகிறது. அவர்களுக்கு அல்சைமர் வருவது அபூர்வம். எல்லாப் பிழையும் கெடுதல் இல்லை என்று போர்டில் எழுத எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

முதல் பிழையைப் பிடித்ததற்குப் பின்னால் ஒரு கடிதம் இருக்கிறது. இங்கிலாந்தில் கேரல் ஜென்னிங்ஸ் என்ற பெண், தன் அப்பாவுக்கும் அவர் உடன்பிறந்தவர்கள் சிலருக்கும் ஐம்பதுகளிலேயே மறதி வந்ததைப் பார்த்து, இது தற்செயல் இல்லை என்று லண்டன் ஆராய்ச்சியாளர்களுக்கு 1980களில் எழுதினார். அந்தக் குடும்பத்தின் ரத்தத்திலிருந்து 1991இல் ஏ.பி.பி.யின் 717ஆம் இடத்துப் பிழை வெளிவந்தது. வேலினுக்குப் பதில் ஐசோலூசின், அவ்வளவுதான். கேரல் தனக்கு அந்தப் பிழை இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளவே இல்லை. ஐம்பதுகளில் அவருக்கும் நோய் வந்தது, 2024இல் இறந்தார்.

கொலம்பியாவில் அந்தியோக்கியா மலைப்பகுதியில் இதே கதை ஊர் அளவுக்கு. சுமார் 6,000 பேர் கொண்ட சொந்தக்காரக் கூட்டம், ப்ரெசெனிலின்-1இல் 280ஆம் இடத்தில் பிழை, நாற்பதுகளின் நடுவில் தடுமாற்றம். பிரான்சிஸ்கோ லோபெரா என்ற டாக்டர் தன் ஆயுளின் பெரும்பகுதியை அவர்களுக்கே கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் அலிரியா ரோசா பியெத்ரஹிதா என்ற அம்மாவுக்குப் பிழை இருந்தும் எழுபது வயது வரை மறதி எட்டிப் பார்க்கவில்லை. மூளையை ஸ்கேன் செய்தால் அமிலாய்டு மலை மாதிரி. டாவ் மட்டும் மிகக் குறைவு. காரணம் வேறு மரபணுவில் இருந்தது. அபோ-ஈ என்ற மரபணுவில் கிறைஸ்ட்சர்ச் என்று பெயரிட்ட ஓர் அபூர்வ மாற்றம், அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒன்று, ஆக இரண்டு பிரதி. பிழை கையெழுத்துப் போட்ட தீர்ப்பைக்கூட இன்னொரு மரபணு முப்பது வருஷம் தள்ளிவைக்க முடிந்திருக்கிறது.

அபோ-ஈதான் பரம்பரையின் இரண்டாவது ரகம். மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கு நேராகப் பொருந்துவதும் இதுதான். மூளையில் கொழுப்பைத் தூக்கிக்கொண்டு போகும் புரதம் இது. முக்கியமாக ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல்கள் செய்து அனுப்புகின்றன. ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை. 299 அமினோ அமிலத்தில் ஈ3க்கும் ஈ4க்கும் 112ஆம் இடத்தில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். ஈ4 இருந்தால் அமிலாய்டைக் கூட்டித் தள்ளுவது மந்தம், செல்களில் கொழுப்புக் கணக்கும் குளறுபடி. ஒரு பிரதி இருந்தால் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு என்பது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்த கணக்கு. டில்லிக்குப் பக்கத்தில் ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் பார்த்தபோது ஈ4உம் குறைவு, அல்சைமரும் குறைவு. நம்மூர்க் கணக்கை நாமே எடுக்க வேண்டும் என்று இங்கே இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரத்துக் கிராம மக்களைப் பல வருஷமாகத் தொடர்ந்து பார்க்கிறது. ஈ4 இருந்தும் தொண்ணூறு வரை கணக்குச் சொல்கிறவர்கள் உண்டு. ஈ4 இல்லாமலே நோய் வந்தவர்களும் நிறைய.

மருந்து பற்றிக் கேட்பீர்கள். கத்தரியையே நிறுத்திவிட்டால் என்ன என்று செமகாசெஸ்டாட் என்ற மருந்தைப் பரிசோதித்தார்கள். 2010இல் பாதியில் நிறுத்தினார்கள். நோயாளிகள் இன்னும் மோசமானார்கள். அதே கத்தரி செல்லுக்கு அவசியமான வேறு பல புரதங்களையும் வெட்டுகிறது. கடையில் இருக்கும் ஒரே கத்தரியைப் பூட்டி வைத்துவிட்டு யூனிஃபார்ம் ஆர்டர் எடுக்க முடியுமா? அமிலாய்டை வெளியிலிருந்து அள்ளுகிற லெகானெமாப் 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆரம்ப நிலையில், பதினெட்டு மாதத்தில், சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரலாம். ஈ4 இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு அது அதிகம். அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டி ரொம்ப நாளாகிறது.

ஒரு வாரம் இதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிவிட்டு மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லலைங்க" என்று ஆரம்பித்தேன். அப்பாவுக்கு வந்தது 73இல். அவருடைய அண்ணன் தம்பி மூன்று பேர், யாருக்கும் இல்லை. அவர் அப்பா 80 வரை ஏர் ஓட்டியவர். இது ஒற்றைப் பிழை ரகமாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. பேத்திக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு இருக்கலாம், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன் என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எங்க மாமியாருக்கும் இருந்துச்சுங்க. நாங்க வெளிய சொல்லல" என்றார். "அதான் கேட்டேன். ரெண்டு பக்கமும் இருந்தா என்ன ஆகும்னு."

"எத்தனை வயசுல?" என்றேன். எந்தக் குடும்பத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

"எண்பத்தொண்ணு."

மூச்சு விட்டேன். இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஏதோவொரு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், இருக்கிறது. அந்தக் கணக்கில் எத்தனையோ கல்யாணங்களில் ஏதாவது ஒரு பக்கம் இப்படி ஒரு கதவு சாத்தியிருக்கும். இதை அவரிடமும் சொன்னேன். அறுபத்தைந்துக்கு முன்னால் இரண்டு மூன்று தலைமுறைக்கு வந்திருந்தால் அப்போது டாக்டரிடம் போய் மரபணு ஆலோசனை கேட்கலாம், இதற்குத் தேவையில்லை என்றேன். நிச்சயதார்த்தத்துக்கு மார்கழி கழியட்டும் என்று பேசி வைத்தோம்.

அக்கா மகள் என்னைக் கேட்டாள்: "நீங்க டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா சித்தி?" எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் அபோ-ஈ வகை சொல்லிவிடுகிறார்கள். "இல்ல" என்றேன். ஏன் என்றாள். ஈ4 என்று வந்தால் சாவியைத் தேடும் ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைப்பேன், இல்லை என்று வந்தாலும் நம்ப மாட்டேன் என்றேன். அவள் சிரித்தாள். அது பயாலஜி டீச்சர் பேசுகிற பேச்சில்லை என்று எனக்கும் தெரியும்.

அப்பாவுக்கு இப்போது 79. கன்னடம் போய்விட்டது, உருதுவும். தமிழ் இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு வருஷம் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009இல் திறந்தபோது இருந்த கூட்டம் நினைவிருக்கிறது. காலையில் சாப்பிட்டது இருப்பதில்லை. உள்ரூம் கதவை இப்போது நான் திறந்தே வைக்கிறேன். சாயங்காலம் பழைய பேப்பரையும் சாக்பீஸையும் முனை மழுங்கிய சின்னக் கத்தரியையும் கொடுக்கிறேன். பேப்பரை மடிப்பார், கட்டை விரலால் மடிப்பைத் தேய்ப்பார், சட்டைக் கை வரைவார். வளைவு இன்னும் கச்சிதமாக வருகிறது. திங்கட்கிழமை ஜோடி சரியாக விழுந்தது. புதன்கிழமை மடிக்க மறந்துவிட்டார், ரெண்டும் இடது. நேற்று வரைந்து முடித்துவிட்டு, கத்தரியை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"கஸ்டமர் எப்ப வர்றேன்னாரு?"

"அஞ்சு மணிக்குப்பா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறரை.

"அப்ப நேரம் இருக்கு" என்றார்.